போன வருஷத்துத் தண்டவாளம்

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் என்ன இருக்கிறது என்று முன்வரிசைப் பிள்ளைகள் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு நீராவி என்ஜின், இரண்டு விதமான தண்டவாளத் துண்டுகள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கடைசியில் ஓட்டிக் காட்டுகிறேன். அதற்கு முன்னால், இதைச் செய்த மார்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏன் இந்தக் கதையில் இவ்வளவு பிடிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்கு ஏழு வயதிருக்கும்போது பொருட்காட்சியில் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் ஒன்று வாங்கிக் கொடுத்தார். எட்டுத் துண்டுத் தண்டவாளம். மாட்டினால் ஒரு வட்டம். மூன்று மாதம் போல ஓடியிருக்கும். ஒரு நாள் யாரோ காலை வைத்து ஒரு துண்டு நசுங்கி, மாட்டும் முள் ஒடிந்துபோனது. அந்த ஒரு துண்டு எங்கேயும் தனியாகக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அதே பொருட்காட்சியில் பார்வைக்கு அப்படியே இருந்த இன்னொரு ரயிலை அப்பா கையில் எடுத்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து எங்கள் பழைய துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு நெல் அளவு வித்தியாசம். "கேஜ் வேறடா தம்பி" என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்த ரயில் ஓடவில்லை.

மார்க்லினின் கதை அந்த ஒரு நெல் அளவு வித்தியாசத்தைப் பற்றியது. அதை ஒழிக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்ததிலிருந்துதான் பொம்மை ரயிலின் சரித்திரமே மாறியது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் போகும் பாதையில், ஃபில்ஸ் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் கோப்பிங்கன் என்று ஓர் ஊர். அன்றைக்கு வூர்ட்டம்பெர்க் ராஜ்யத்தில் இருந்தது. அந்த ஊருக்கு 1847-லேயே ரயில் வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் பாதை உல்ம் வரைக்கும் நீண்டது. வழியில் கைஸ்லிங்கன் என்ற இடத்தில் மலையேற்றம். 44 அடிக்கு ஓரடி ஏறும். ஏற்றத்தில் வண்டிக்குப் பின்னால் இன்னொரு என்ஜினைக் கொடுத்துத் தள்ளுவார்கள். ஆக, கோப்பிங்கன் பிள்ளைகளுக்கு ரயில் என்பது தினமும் காதில் விழும் சத்தம்.

அந்த ஊரில் 1859-ல் தியோடர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் மார்க்லின் என்ற தகரக் கொல்லர் ஒரு பட்டறை ஆரம்பித்தார். அவர் செய்தது ரயில் இல்லை, சொப்புச் சாமான். தகரத்தில் வார்னிஷ் பூசிய குட்டி அடுப்பு, குட்டிப் பாத்திரம், குட்டித் தட்டு. நம் ஊரில் மரத்திலும் மண்ணிலும் செய்த சொப்பை அவர் தகரத்தில் செய்தார். அந்த நாட்டில் பொம்மைச் சமையலறை என்பது பெண்பிள்ளைகள் இருக்கும் வசதியான வீடுகளின் வழக்கம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளியே எடுத்து அடுக்குவார்கள்; பண்டிகை முடிந்ததும் எடுத்துக் கட்டி வைப்பார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அதோடு ஒரு புதுக் குண்டானோ ஒரு கரண்டிக் கொத்தோ சேரும். கொலு வைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய பொம்மைகள் பரணிலிருந்து இறங்க வேண்டும், புதிதாக ஒன்றாவது வாங்க வேண்டும், அது பழைய படியிலேயே இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதைச் சுற்றித்தான் வரும்.

மார்க்லின் பட்டறை ஆரம்பித்த அதே வருஷம் கரோலின் என்ற பெண்ணை மணந்தார். கம்பெனியின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பெரியவராகத் தெரிகிறவர் இந்த அம்மாதான். மாதிரிச் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு தெற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடித்தவர். ஒரு பெண் தனியாக வியாபாரப் பயணம் போவது அபூர்வமாக இருந்த காலம் அது. 1866-ல் கணவர் இறந்துபோனார். பட்டறையை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். அந்த நாளில் ஒரு விதவையிடம் ஊரே அதைத்தான் எதிர்பார்த்திருக்கும். அவர் விற்கவில்லை. இருபது வருஷத்துக்கும் மேல் இழுத்துப் பிடித்து நடத்தி, 1888-ல் பிள்ளைகள் கையில் ஒப்படைத்தார். அப்போதுதான் அது 'மார்க்லின் சகோதரர்கள்' ஆனது. அவர்களில் ஓய்கன் மார்க்லின்தான் இனி வருகிற மாற்றத்துக்குக் காரணகர்த்தா.

1891-ல் ஓய்கன் இரண்டு காரியம் செய்தார். எல்வாங்கன் என்ற ஊரில் லுட்விக் லுட்ஸ் என்பவரின் பொம்மைப் பட்டறை இருந்தது. தகர வேலையில் மிக நேர்த்தி. ரயில் வண்டிகளும் செய்துவந்தார்கள். ஆனால் தொழில் நொடித்திருந்தது. அதை ஓய்கன் வாங்கினார்; அங்கிருந்த கைவினைஞர்களின் திறமை கோப்பிங்கனுக்கு வந்து சேர்ந்தது. அதே வருஷம் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் சாவி கொடுக்கும் ரயில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். தண்டவாளம் வட்டமாக இல்லை. எட்டு வடிவத்தில், ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

பார்த்தவர்களுக்கு அந்த எட்டுதான் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் அதன் அளவில் இருந்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அகலத்தில் தண்டவாளம் செய்தது. மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கும் ஸ்டேஷனில் மூட்டையை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றியதைப் பார்த்த தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். பொம்மை ரயிலில் அந்த வழிகூடக் கிடையாது. பொருந்தாவிட்டால் அதோடு முடிந்தது. மார்க்லின் தன் அகலங்களுக்கு நம்பர் கொடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றாம் கேஜில் இந்த வருஷம் என்ஜினும் ஒரு வட்டமும் வாங்கினால், அடுத்த வருஷம் இரண்டு பெட்டி, அதற்கடுத்த வருஷம் ஒரு பாயிண்ட், பிறகு ஒரு சிக்னல், ஒரு ஸ்டேஷன். எதை வாங்கினாலும் வீட்டில் இருப்பதோடு சேரும்.

இது சொப்புக்காரருக்குத்தான் தோன்றும். ஒரு பொம்மை ஒரே நாளில் முழுமையாகிவிட வேண்டியதில்லை, வருஷா வருஷம் வளரலாம் என்பது கரோலின் அம்மாவின் பெட்டியில் இருந்த குட்டிப் பாத்திரங்களின் பாடம். மகன் அதைத் தண்டவாளத்துக்குக் கொண்டுவந்தார். நான் இதுவரை படித்ததையெல்லாம் வைத்து இப்படித்தான் நம்புகிறேன்.

மற்றப் பட்டறைகளும் அந்த நம்பர்களையே எடுத்துக்கொண்டன. சின்ன வீட்டுக்குச் சின்ன ரயில் வேண்டும் என்று கேட்டபோது, ஒன்றுக்குக் கீழே நம்பர் இல்லையே. பூஜ்யம் என்று வைத்தார்கள். தண்டவாளத்துக்கு நடுவே 32 மில்லிமீட்டர். பல நாடுகளில் பல காலம் பொம்மை ரயில் என்றால் அந்தப் பூஜ்யக் கேஜ்தான்.

எதனால் ஓடியது என்றும் சொல்ல வேண்டும். சாவியும் வில்சுருளும் ஒரு வகை. ஸ்பிரிட் விளக்கில் தண்ணீரைக் கொதிக்க வைத்து நிஜ நீராவியில் ஓடியது இன்னொரு வகை; கம்பளத்தைக் கருக்கிய என்ஜின்களும் அந்தக் காலத்தில் உண்டு. பிறகு மின்சாரம். ஆரம்பத்தில் வீட்டு மின்சாரத்தையே ஒரு பல்பு வழியாகக் குறைத்துத் தண்டவாளத்துக்குக் கொடுத்தார்கள். குழந்தை கை வைக்கும் இடத்தில்! 1926-ல் மார்க்லின் 20 வோல்ட் முறைக்கு மாறிய பிறகுதான் தாய்மார்கள் நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பார்கள்.

முதல் உலகப் போருக்கு முன்னால் லண்டன் கடைகளில் விற்ற பொம்மை ரயில்களில் பெரும்பகுதி ஜெர்மனியில் செய்தவை. பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனிகளின் வர்ணத்தையும் எழுத்தையும் மார்க்லினும், நூரம்பெர்க்கில் இருந்த பிங் கம்பெனியும் தங்கள் பட்டறையிலேயே தீட்டி அனுப்பின. போர் வந்தது, அந்த வியாபாரம் போனது. ஜெர்மன் சரக்கைத் தொட மாட்டோம் என்று இருந்த பிரிட்டிஷ் சந்தைக்கு 1920-ல் லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி தன் பெயரிலேயே ரயில் செய்து இறக்கினார். துளை போட்ட தகடும் திருகாணியும் கொண்ட மெக்கானோவைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

பிங் என்ற பெயரை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பொம்மைக் கம்பெனி அதுதான் என்பார்கள். 1932-ல் அது முறிந்தது. அந்தக் குடும்பத்தின் ஸ்டெஃபான் பிங் அதற்கு முன்பே வெளியே வந்து டிரிக்ஸ் என்ற கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார். 1935-ல் பூஜ்யக் கேஜில் பாதி அளவுக்கு மின்சார ரயிலை மேசைக்குக் கொண்டுவந்ததில் டிரிக்ஸும் மார்க்லினும் சம பங்காளிகள். இரண்டுக்கும் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஆனால் பிங் யூதர். நாஜி ஆட்சியில் கம்பெனியைக் கைமாற்ற வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகி, இங்கிலாந்துக்குப் போய்த் தப்பினார். தண்டவாளத்தை எப்படி மேசைக்குள் அடக்கலாம் என்று யோசித்த ஒரு மனிதரைச் சொந்த ஊரில் இருக்க விடவில்லை. பொம்மை ரயிலின் சரித்திரம் எழுதுகிறவர்களில் சிலர் இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. பல கை மாறிய அந்த டிரிக்ஸ் 1997-ல் மார்க்லினோடு சேர்ந்தது.

அந்த 1935-ஆம் வருஷத்து ரயிலின் வம்சம்தான் இந்த மேசைமேல் இருப்பது. பூஜ்யத்தில் பாதி என்பதால் பிற்பாடு அதற்கு 'அரைப் பூஜ்யம்' என்றே பெயர் வந்தது. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. இந்த என்ஜினைக் கையில் வாங்கிப் பாருங்கள். உருவத்துக்கு மீறிய கனம் தெரியும். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்த உடம்பு. கம்பெனியின் பட்டியலில் 3000 என்ற எண். ஸ்டேஷனில் பெட்டிகளை ஷண்டிங் செய்கிற குட்டி என்ஜின். பல பத்து வருஷம் செய்தார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதுதான் முதல் என்ஜின்.

இப்போது தண்டவாளம். இது பழசு. தகரத்தை அழுத்தி மேடாக்கி, அதன்மேல் சரளைக் கல்லைப் படமாக அச்சிட்டிருக்கிறார்கள். கிட்டே வந்து பாருங்கள். ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டைக்கும் நடுவில் ஊசித்தலை அளவுக்கு ஒரு மொட்டு தெரிகிறதா? மின்சாரம் வருவது அந்த மொட்டு வழியாக. ஆரம்பத்தில் நடுவே மூன்றாவது தண்டவாளமாகவே ஓடிக்கொண்டிருந்ததை 1950-களில் இப்படி மொட்டுகளாக மாற்றி மறைத்துவிட்டார்கள். என்ஜினைத் திருப்பினால் அடியில் ஒரு நீளமான உலோகச் சறுக்கி இருக்கிறது. அது எப்போதும் இரண்டு மூன்று மொட்டுகளைத் தொட்டுக்கொண்டே போகும். மின்சாரம் நடுவில் ஏறும், சக்கரம் வழியாக இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் இறங்கும்.

மற்றக் கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டு தண்டவாள முறைக்குப் போயின. இடது ஒரு முனை, வலது ஒரு முனை. பார்க்க நிஜம் போலவே இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு குழந்தை என்ன செய்யும்? ரயில் போய் ஒரு வளையம் சுற்றித் திரும்பவும் புறப்பட்ட பாதையிலேயே வர வேண்டும் என்று ஆசைப்படும். அப்படி வளைத்தால் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தில் போய் ஒட்டும். ஷார்ட் சர்க்யூட். அதற்குத் தனி வயரிங் வேண்டும், அப்பா வர வேண்டும். மார்க்லினில் இரண்டு பக்கமும் ஒரே முனை என்பதால் குழந்தை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். எங்கள் அப்பா இதைப் பார்த்திருந்தால் அந்தச் சறுக்கியைக் கழற்றிப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

இரண்டாம் உலகப் போரில் பொம்மை வேலை நின்றுபோய், ஆலை போருக்கான பொருள் செய்தது. போர் முடிந்ததும் திரும்ப எழுந்த விதம்தான் ஆச்சரியம். 1947-லேயே சுவிட்சர்லாந்தின் 'முதலை' என்ஜினை அரைப் பூஜ்யத்தில் வெளியிட்டார்கள். கோட்ஹார்ட் மலைப்பாதையில் சரக்கு இழுத்த மின்சார என்ஜின் அது. முன்னும் பின்னும் நீண்ட மூக்கு, வளைவில் உடம்பை மடக்கித் திரும்பும், அதனால் அந்தப் பெயர். இடிந்த நாட்டில் அதை வாங்க யாரிடம் காசு இருந்தது? அமெரிக்கப் படைவீரர்களிடம் இருந்தது. அந்த வருஷங்களில் பல ஜெர்மன் பொம்மைகளின் அடியில் 'அமெரிக்கப் பகுதியில் செய்தது' என்ற முத்திரை இருக்கும்.

1972-ல் இன்னும் சின்னது. ஹெல்முட் கிலியான் என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணம். தண்டவாள அகலம் 6.5 மில்லிமீட்டர். இதைவிடச் சின்னது வராது என்று எழுத்து வரிசையின் கடைசி எழுத்தான இசட்டைப் பெயராக வைத்தார்கள். ஒரு கைப்பெட்டிக்குள் ஊரே அடங்கும்.

1984-ல் டிஜிட்டல் வந்தது. ஒரே தண்டவாளத்தில் 80 என்ஜின்கள் வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டலாம். இதில் என் மனதைத் தொட்டது தொழில்நுட்பம் இல்லை. அந்த டிஜிட்டல் சமிக்ஞை தாத்தா காலத்துத் தகரத் தண்டவாளத்தின் அதே மொட்டுகள் வழியாகவே போனது. பழைய என்ஜினுக்குள்ளும் புதுச் சில்லைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. புதிதாக ஒன்றைக் கொண்டுவரும்போது, வாங்கி வைத்திருப்பவனின் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட கம்பெனிக்கும் கெட்ட காலம் வந்தது. வாங்குகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. விலையோ ஒரு குழந்தையின் கைச்செலவுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. வீடியோ விளையாட்டின் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் எழுந்து வரவில்லை. மார்க்லின், ஃபிரிட்ஸ், சாஃப்ட் என்ற மூன்று கூட்டாளிக் குடும்பங்களின் வாரிசுகள் இருபதுக்கும் மேற்பட்டோர், கடனும் ஏறியிருந்தது. 2006-ல் லண்டனைச் சேர்ந்த கிங்ஸ்பிரிட்ஜ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கம்பெனி கைமாறியது. ஆலோசகர்கள் வந்தார்கள், போனார்கள். 2009 பிப்ரவரி 4 அன்று மார்க்லின் திவால் மனு கொடுத்தது. அது கம்பெனியின் 150-ஆவது ஆண்டு.

நீதிமன்றம் நியமித்த நிர்வாகி மிகாயேல் புளூட்டா ஆலையை மூடவில்லை. ஓட்டிக்கொண்டே கடனைத் தீர்க்கும் வழி தேடினார். கடன் கொடுத்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். 2013-ல் சிம்பா டிக்கி என்ற பொம்மைக் குழுமத்தின் சீபர் குடும்பம் வாங்கிக்கொண்டது. சீனாவுக்குப் போயிருந்த வேலையில் ஒரு பகுதி ஹங்கேரியில் கியோர் நகரத்து ஆலைக்குத் திரும்பியது. சின்னப் பிள்ளைகளுக்கென்று பேட்டரியில் ஓடுகிற, காந்தக் கொக்கியால் ஒட்டிக்கொள்கிற ரயில்களும் வந்திருக்கின்றன. தாமதமாக வந்தாலும் அதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கம்பெனி ஏன் பிழைத்தது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ வீட்டுப் பரணில் அட்டைப் பெட்டிக்குள் தண்டவாளம் கிடந்தது. அதற்கு அடுத்த துண்டை யாராவது செய்துதான் ஆக வேண்டும் என்று அந்த வீடுகளில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். வாங்க வந்த முதலாளிக்கும் அது தெரிந்திருக்கும்.

சில வருஷத்துக்கு முன் ஸ்டுட்கார்ட்டில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது கோப்பிங்கனுக்கும் ஒரு நடை போய்வந்தேன். ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. கம்பெனியின் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தகரச் சொப்பு அடுப்பு ஒன்றைப் பார்த்தேன்; பக்கத்து அறையில் ரயில்கள். திரும்பி வரும் வழியில் பழைய பொருள் சந்தை ஒன்றில்தான் இந்த என்ஜினும் இந்தத் தகரத் தண்டவாளமும் கிடைத்தன. விற்ற பெரியவர் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து எண்ணிக் கொடுத்தார். வட்டத்துக்கு ஒன்று குறைந்தது. "பரவாயில்லை, கடையில் கிடைக்கும்" என்றார்.

கிடைத்தது. 1996-ல் மார்க்லின் தண்டவாளத்தின் வடிவத்தையே மாற்றியது. தகர மேடு போய், பிளாஸ்டிக் சரளை மேல் உட்கார்ந்த தண்டவாளம் வந்தது. ஒன்றோடொன்று மாட்டும் விதமும் வேறு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் மாட்டுவதற்கென்று ஓர் இடைத்துண்டு செய்து விற்கிறார்கள். ஒரு முனையில் பழைய மாட்டல், மறுமுனையில் புது மாட்டல். இதோ, என் கையில் இருப்பது. பழைய தகரத் துண்டில் இதை மாட்டுகிறேன். இந்தப் பக்கம் புதுத் துண்டு. சுற்றி வந்து மறுபடியும் ஓர் இடைத்துண்டு. வட்டம் மூடிவிட்டது.

முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வாருங்கள். மேசையைச் சுற்றி நில்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். யாராவது அந்தப் பெரிய விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். என்ஜினின் நெற்றி விளக்கு தெரியட்டும். இந்தச் சிவப்புக் குமிழை வலப்பக்கம் மெல்லத் திருப்பினால் வண்டி நகரும். பூஜ்யத்தைத் தாண்டி இடப்பக்கம் ஒரு நொடி பிடித்தால் 24 வோல்ட் போகும். விளக்கு பளிச்சென்று எரியும், உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள். அது திரும்பிப் போகத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். குமிழை முதலில் யார் பிடிக்கிறீர்கள்?